ஃபேனை நிறுத்த முடியாத ஊரில் எலெக்ட்ரிக் கிட்டார்: பழசா, புதுசா, பிக்கப் மட்டும் போதுமா?

போன மே மாதம் காட்பாடியிலிருந்து தங்கை மகன் போன் செய்தான். "மாமா, ஆம்பூர்ல ஒருத்தர் கிட்டார் விக்கிறாரு. முப்பது வருஷத்து கிட்டார். 28,000 சொல்றாரு. பழைய மரம், நல்லா காய்ஞ்சு கணீர்னு கீது. வாங்கிடட்டா?"

அவனிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஆறு வருடம் முன் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஸ்ட்ராட் வடிவம், பாஸ்வுட் என்ற மரத்தில் பாடி, மூன்று சிங்கிள் காயில் பிக்கப். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்புக்கு அனுப்பும் காந்தச் சுருள்; சிங்கிள் காயில் என்றால் ஒரே சுருள். ஞாயிறு காலை சர்ச் பாடகர் குழுவிலும் மற்ற நாளில் கல்லூரிப் பையன்களின் பேண்டிலும் அதைத்தான் வாசிக்கிறான். "டோன் சப்பையா வருது" என்பது ஒரு வருடமாக அவன் பாடும் பாட்டு. கையில் 30,000 சேர்த்து வைத்திருந்தான். ஆக வழி மூன்று. ஆம்பூர்க்காரரின் பழைய கிட்டார். சென்னையில் ஒரு கடையில் பார்த்து வைத்திருந்த 24,000 ரூபாய் புதுக் கிட்டார், பிரிட்ஜ் (பாடியில் கம்பிகள் முடியும் இடம்) பக்கம் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் வைத்தது. அல்லது இருக்கிற கிட்டாருக்கே பிக்கப் மாற்றுவது.

நான் பகலில் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ராத்திரியில் சத்துவாச்சாரி வீட்டில் சர்ச்களுக்கும் பேண்டுகளுக்கும் ஆம்ப், மிக்ஸர் ரிப்பேர். கிட்டாரும் கொஞ்சம் வரும். சால்டரிங் அயர்ன் பக்கத்திலேயே இருப்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம்தான் வந்து நிற்கும்.

அடுத்த ஞாயிறு பஸ் ஏறி ஆம்பூர் போனோம். விற்பவர் நல்ல மனிதர். டீ கொடுத்துவிட்டுத் தன் வால்வ் ஆம்பில் கிட்டாரைச் சொருகிக் கொடுத்தார். 12 அங்குல ஸ்பீக்கர். பையன் ஒரு ஈ மைனர் அடித்தான், முகமே மாறிவிட்டது. நானும் சொக்கித்தான் போனேன், மறுக்கவில்லை. ஆனால் அந்த அறையில் கேட்டதில் பாதி அந்த ஆம்பின் சத்தம். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும்; எந்த ஸ்பீக்கர், எந்தப் பெட்டி என்பதை வைத்தே சத்தத்தின் நிறம் மாறும். இவன் வீட்டில் வாசிப்பது ஆறரை அங்குல ஸ்பீக்கர் கொண்ட 15 வாட் பெட்டியில். ஆகவே 5,000 முன்பணம் கொடுத்து, மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று வாங்கி வந்தோம். செகண்ட் ஹேண்டு கிட்டார் பார்க்கப் போனால் உங்கள் ஆம்பையும் தூக்கிக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் இப்படிக் கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்காமல் இருப்பதே மேல்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின்பக்க பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். ஸ்பிரிங் இருக்கும் குழியின் ஓரத்தில் பெயின்ட் சரியாகப் படாத இடம் ஒன்று எப்போதும் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் வரி வரியாக அடுக்கு. ப்ளைவுட். "முப்பது வருஷம் காய்ந்த மரம்" இதுதான். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் கொரியாவில் செய்த ஸ்குயர் என்ற பிராண்ட் கிட்டார்களிலேயே ப்ளைவுட் பாடி நிறைய உண்டு. இதுவும் அந்தக் காலத்துக் கொரியா கிட்டார்தான், பெயர் வேறு. விற்றவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் யாரோ அப்படிச் சொல்லித்தான் விற்றிருப்பார்கள்.

மரக் கதையை இங்கேயே பேசிவிடலாம். நமக்கு இந்த நம்பிக்கை வீணையிலிருந்தும் மிருதங்கத்திலிருந்தும் வருகிறது. தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலாக்கட்டை தேடுகிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. அங்கே குடம் அதிர்ந்து காற்றை அசைக்க வேண்டும். அதுதான் காதுக்கு வரும் நாதம். எலெக்ட்ரிக் கிட்டாரில் காதுக்கு வருவது வேறு வழி. பிக்கப் என்பது காந்தத்தின் மேல் தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியை ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றுச் சுற்றியது. மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும், சுருளில் மின்சாரம் பிறக்கும். நைலான் கம்பி போட்டு வாசித்துப் பாருங்கள், ஆம்பில் ஒன்றும் வராது. மரத்தைக் கேட்கும் காது பிக்கப்புக்குக் கிடையாது. மெழுகில் முக்காத பழைய பிக்கப் மட்டும் பாடியைத் தட்டினால் 'டொக்' என்று ஆம்பில் ஒலிக்கும். அதிலும் ஆம்பை ஏற்றினால் வீல் என்று கத்தத்தான் செய்யும்.

அப்போது மரத்துக்கு வேலையே இல்லையா? உண்டு, சுற்றுவழியாக. கம்பியின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டிருப்பது மரம். அது அசைந்து கொடுத்தால் அந்த அளவுக்குக் கம்பியின் அதிர்வு குறையும். சில கிட்டாரில் ஏதோ ஒரு ஃப்ரெட்டில் (நெக்கில், அதாவது கழுத்தில், குறுக்கே பதித்த உலோகக் கோடு) ஒரு சுரம் மட்டும் மற்றவை போல நிற்காமல் சட்டென்று செத்துவிடும். அது பெரும்பாலும் நெக்கின் சேட்டை, பாடியின் சேட்டை இல்லை. அதனால் கடையில் பாடி என்ன மரம் என்று கேட்பதற்குப் பதில், ஆம்ப் போடாமல் ஒவ்வொரு ஃப்ரெட்டாக எல்லாக் கம்பியையும் ஒரு முறை மீட்டிப் பாருங்கள். பத்து நிமிஷம் ஆகும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

1940 வாக்கில் லெஸ் பால் என்ற அமெரிக்கக் கிட்டார் கலைஞர் நாலுக்கு நாலு அங்குலப் பைன் கட்டை ஒன்றில் கம்பி கட்டிப் பிக்கப் வைத்தார். கிட்டார் மாதிரித் தெரிய வேண்டும் என்று இரண்டு பக்கமும் ஒரு எபிஃபோன் கிட்டாரின் பாதிகளை ஒட்டிக்கொண்டார். 1950களில் டான்எலெக்ட்ரோ மரச்சட்டத்தின் மேல் ஹார்ட்போர்டு ஒட்டியே கிட்டார் விற்றது. 1969-இல் ஆம்பெக் கம்பெனி கண்ணாடி மாதிரித் தெரியும் அக்ரிலிக்கில் ஒன்று செய்தது; அதுவும் மேடையேறியது. மரம் எதுவானாலும் நான் பார்ப்பது எடைதான். மஹாகனியில் கனமாகச் செய்த, அவர் பெயரிலேயே வரும் லெஸ் பால் வகை 4 கிலோவைத் தாண்டும். பாஸ்வுட், பாப்லர் பாடியில் ஸ்ட்ராட் வகை மூன்றரைக்குள் அடங்கும். இரண்டரை மணி நேர ஆராதனையில் நின்றுகொண்டு வாசிப்பவனுக்கு அந்த அரைக் கிலோவின் அருமை தோள்பட்டையில் தெரியும்.

சென்னையில் பார்த்த புதுக் கிட்டாரில் ஒரு வேடிக்கை. ஃபிங்கர்போர்டு என்ன மரம் என்றால் 'இந்தியன் லாரல்' என்றார்கள். பையன் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிட்டான். நம் கருமருதுதான் அது. 2017-இல் ஈட்டி மரக் குடும்பம் மொத்தத்தையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்த பிறகு கிட்டார் கம்பெனிகள் மாற்று மரம் தேடின. அப்படிக் கருமருதுக்கு யோகம் அடித்தது. 2019-இல் இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள், ஆனாலும் விலை குறைந்த கிட்டார்களில் கருமருது நின்றுவிட்டது. ஈட்டிக்கும் இதற்கும் ஆம்பில் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சரி, சோதனைக்கு வருவோம். ஆம்பூர் கிட்டாரில் கிடந்தவை துருப்பிடித்த 9 நம்பர் தடிமன் கம்பிகள். இவன் கிட்டாரில் 10. இரண்டுக்கும் ஒரே பாக்கெட் வகையில் புதுக் கம்பி, 10-46 போட்டேன். கம்பி பழசானால் முதலில் சாவது மேல்ஸ்தாயிப் பளபளப்பு. நம் ஊர் வியர்வைக்கு அது ஒரு மாதம்கூடத் தாங்காது. 'சப்பை டோன்' என்று வருகிற கிட்டார்களில் பாதிக்கு நான் செய்வது கம்பி மாற்றிக் கொடுப்பது மட்டும்தான். பிறகு பிக்கப் உயரம். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, பிக்கப்புக்கும் கம்பிக்கும் இடையில் 2 மில்லிமீட்டர் வாக்கில் இரண்டிலும் ஒரே அளவு வைத்தேன். பழையதின் வால்யூம் குமிழ் கரகரத்தது, கான்டாக்ட் கிளீனர் அடித்தேன். இல்லாவிட்டால் பையன் கரகரப்பை வைத்தே கண்டுபிடித்துவிடுவான்.

அவனைக் காலண்டரைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டு, அவன் ஆம்பிலேயே மாற்றி மாற்றி வாசித்தேன். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னான். பழையது உருண்டு வருகிறது, நுனியில் ஒரு மணிச்சத்தம் இருக்கிறது என்றான். எனக்கும் அப்படித்தான் கேட்டது.

மறுநாள் ஆம்பூர்க்காரருக்குப் போன் செய்து, "உங்க கிட்டாரைக் கொஞ்சம் பிரிக்கலாமா?" என்றேன். "திரும்ப ஒட்டிக் கொடுத்துட்டா சரி" என்று சிரித்தார். ஸ்ட்ராட் வகையில் ஒரு சௌகரியம், மூன்று பிக்கப்பும் குமிழ்களும் ஒரே பிக்கார்டு பிளாஸ்டிக்கில் உட்கார்ந்திருக்கும். ஜாக்குக்குப் போகும் இரண்டு ஒயர், ஸ்பிரிங் பக்கம் போகும் எர்த் ஒயர் ஒன்று, மூன்றையும் ஈயம் உருக்கி விடுவித்தால் மொத்தமாகக் கையோடு வந்துவிடும். இரண்டு பிக்கார்டையும் ஒன்றுக்கொன்று மாற்றினேன். இரண்டு திருகு ஓட்டை பொருந்தவில்லை. டேப் போட்டு ஒட்டினேன். பார்க்கக் கண்ணராவியாக இருந்தது. மறுபடி உயரம் அளந்து, சுருதி சேர்த்து, பையனைக் காலண்டர் பக்கம் திருப்பினேன்.

பத்தில் எட்டு முறை தன் சொந்தக் கிட்டாரை "ஆம்பூர்" என்றான்.

திரும்பிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இன்னா மாமா இது" என்றான். உருட்டலும் மணிச்சத்தமும் பிக்கார்டோடு சேர்ந்து இடம் மாறிவிட்டன. முப்பது வயது ப்ளைவுட் அங்கேயே கிடந்தது.

அந்தப் பிக்கப்பைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கம்பிக்கும் கீழே இருந்த உருளை, அல்நிகோ காந்தம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த உலோகம் அது. பையனுடையதில் வெறும் இரும்பு உருளைகள், அடியில் ஒரு செராமிக் காந்தப் பட்டை. விலை குறைந்த கிட்டார்களில் இதுதான் வழக்கம். மட்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் குணம் வேறு. இன்னொன்றும் தெரிந்தது. பழையதின் பிக்கப் பழையதே இல்லை. கேட்டால், "ஆமா, பத்து வருஷம் முன்னாடி பெங்களூர்ல மாத்தினேன், சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

அப்போது வயசுக்கு மதிப்பே இல்லையா என்றால், காந்தம் முப்பது வருடத்தில் இழப்பது மிகக் கொஞ்சம். பெயின்ட் இறுகும், வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் 'பாட்' என்ற மின்தடையின் அளவு சற்று நகரும், ஈயப்பற்று சில இடத்தில் விடும். 1950களின் கிட்டார்களைப் பற்றி ஆயிரம் சொல்கிறார்கள். 1957-இல் கிப்சன் கிட்டார்களில் வந்த ஹம்பக்கர், ஸெத் லவர் வடிவமைத்தது, சுற்றும் மெஷின் தானாக நிற்காததால் ஒன்றில் சுற்று கூடி, ஒன்றில் குறைந்து வெளியானது. சில அபாரமாக அமைந்தன, சில சுமார். சுமாரானவற்றை யாரும் போற்றிப் பாதுகாத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பாட்டி வீட்டுப் பித்தளை அண்டா எல்லாமே கனமாக இருப்பது ஏன்? மெல்லியவை எப்போதோ ஓட்டையாகி எடைக்குப் போய்விட்டன.

ஆனால் நெக்! பழையதின் நெக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. முப்பது வருடம் கை பட்டு, ஃபிங்கர்போர்டின் ஓரம் மழுங்கி, பழகிய அம்மிக் குழவி மாதிரி உள்ளங்கையில் அப்படியே உட்கார்ந்தது. பல கோடையைப் பார்த்துவிட்ட நெக் அது, ஆனாலும் வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் அசையத்தான் செய்யும். புதுக் கிட்டாரில் தொல்லை இன்னும் அதிகம். நம் ஊரில் முதல் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது மரம் சுருங்கி, ஃப்ரெட்டின் முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். ஐப்பசி மழையில் நெக் இன்னொரு பக்கம் வளையும், ஆலன் கீ எடுத்து, நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைக் கொஞ்சம் திருப்ப வேண்டிவரும். பழையதுக்கு வேறு செலவு. முதல் மூன்று ஃப்ரெட்டில் பள்ளம் விழுந்திருந்தது. ஃப்ரெட் மாற்ற வெளியூர் போக வேண்டும். கேட்ட இடத்தில் 9,000 சொன்னார்கள். 28,000 அப்போதே 37,000 ஆகிவிட்டது.

இனி பிக்கப்பில் எது என்ற கேள்வி. இங்கேதான் வேலூர் நுழைகிறது.

சிங்கிள் காயில் தெளிவாக, மணியாக ஒலிக்கும். கூடவே சுற்றியுள்ள கரன்ட்டின் இரைச்சலையும் பிடிக்கும். இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த அடிக்குரல் 'ம்ம்ம்' எப்போதும் கேட்கும். அதைவிடக் கொடுமை ஃபேன் ரெகுலேட்டர். பழைய பெட்டி ரெகுலேட்டர் சாது. இப்போதைய சின்னக் குமிழ் எலெக்ட்ரானிக் வகையில் இரண்டில், மூன்றில் வைத்தால் கரன்ட்டை அரிந்து அரிந்து அனுப்பும். கிட்டாரில் 'ஜ்ஜ்ஜ்' என்று குளவி பறக்கும். ஃபேனை நிறுத்து என்றால் இந்த ஊரில் மே மாதம் யார் நிறுத்துவது? ஐந்தில் வைத்தால் குளவி அடங்கும், நோட்டுப் புத்தகம் பறக்கும். டிஸ்டார்ஷன் (கிட்டார் சத்தத்தை உறுமலாக்கும் எஃபெக்ட்) போட்டால் ஐந்திலும் 'ம்ம்ம்' மலையாக வளரும்.

ஹம்பக்கரில் இரண்டு சுருள், ஒன்றுக்கொன்று எதிர்த் திசை, காந்தமும் தலைகீழ். கம்பியின் சத்தம் கூடும், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். ஆனால் உச்சத்தில் உள்ள மினுமினுப்பு குறையும், நடுப்பகுதி தடிக்கும். பேண்டுக்கு அது நல்லது. சர்ச்சில் மெல்லிய பின்னணிக்குச் சிங்கிள் காயில்தான் அழகு. இரண்டுக்கும் நடுவில் 1946-இல் வந்த பி-90 என்ற பிக்கப் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதுவும் இரையும், இவன் பாடியில் குழி வெட்டாமல் உட்காராது. விட்டுவிட்டோம்.

பிக்கப் வாங்கும்போது கிலோ ஓம் (சுருளின் மின்தடை) கணக்கில் மயங்க வேண்டாம். சுற்றுக் கூடினால் ஓம் கூடும், சத்தம் தடிக்கும், உச்சம் மங்கும். கூடுதல் ஓம் என்றால் உயர்ந்த சரக்கு என்று அர்த்தமில்லை. வெயில்கூட அந்த எண்ணை மாற்றும். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் போல ஏறும். மார்கழிக் காலையில் 6 கிலோ ஓம் காட்டும் அதே பிக்கப், மே மாத மத்தியானம் என் மீட்டரில் ஆறரை காட்டும். இது தெரியாமல் ஒருவர் பிக்கப் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று என்னிடம் சண்டைக்கே வந்தார்.

செலவில்லாத வழி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிலை சுவிட்சில் 2, 4 இடங்களில் இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும். நடுப் பிக்கப்பை எதிராகச் சுற்றியிருந்தால் அந்த இரண்டு இடத்திலும் இரைச்சல் தானாக அடங்கும். இவன் கிட்டாரில் அடங்கியது. ஆறு வருடமாகக் கவனிக்கவில்லை! சர்ச் வாசிப்புக்கு 4-ஆம் இடம் போதும் என்று அன்றே முடிவாகிவிட்டது. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்று அடித்தால் அது பிக்கப் விஷயம் இல்லை. எங்கோ எர்த் சரியில்லை. வாசிப்பை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மீதி இருந்தது பேண்டுக்கான டிஸ்டார்ஷன். அதற்கு பிரிட்ஜ் பக்கம் மட்டும் சிங்கிள் காயில் அளவிலேயே வரும் ரெயில் ஹம்பக்கர் ஒன்று, 4,200 ரூபாய். நெக் பக்கமும் நடுவிலும் ஒரு ஜோடி அல்நிகோ, 5,000. நடுவில் வருவதை எதிர்ச் சுற்றாகவே பார்த்து வாங்கினோம். ஹம்பக்கரை 250 கிலோ ஓம் வால்யூம் 'பாட்'-இல் மாட்டினால் போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும், அதனால் 500 கிலோ ஓம் பாட் போட்டேன். அதனால் மற்ற இரண்டும் கொஞ்சம் கூர்மையாகின. டோன் குமிழை ஏழில் வைத்தால் சரியாகிவிடுகிறது. 2-ஆம் இடத்தில் பழைய இரைச்சல் கொஞ்சம் திரும்பி வந்துவிட்டது, அதற்கு மருந்தில்லை. உள்குழி முழுக்கச் செம்பு டேப் ஒட்டி எர்த் கொடுத்தேன், குளவி பெருமளவு போய்விட்டது. சமையலறை அலுமினியத் தாளும் மறைக்கும்தான், ஆனால் அதில் ஈயம் பிடிக்காது. ஆறு மீட்டர் மலிவு கேபிளை வீசிவிட்டு மூன்று மீட்டரில் நல்லது ஒன்று; கேபிள் நீண்டால் உச்சம் மங்கும். எல்லாம் சேர்த்து 11,500-க்குள் முடிந்தது.

எல்லோருக்கும் இதே வழி என்று சொல்ல மாட்டேன். நெக் முறுக்கியிருந்தால், சுருதிக் குமிழ் நழுவினால், அந்தக் கிட்டாரில் பிக்கப்புக்குக் காசு போடுவது தண்டம். அவர்கள் சென்னைப் புதுசையே வாங்கலாம். கையில் கிட்டாரே இல்லாதவருக்கும் அதுதான். பழையதை, அந்த நெக்குக்காக என்று தெரிந்தே வாங்குகிறவர் வாங்கட்டும், மரத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னா எங்கள் பக்கம் ராணிப்பேட்டையில் வளர்ந்தவர். அவர் கமகத்தைக் கேட்டுவிட்டு என்ன மரம் என்று விசாரித்தவனும் உண்டு. என் தங்கை மகன்தான்.

பிக்கார்டுகளைப் பழையபடி மாட்டி, டேப் பிசினைத் துடைத்து, ஆம்பூர் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தோம். முன்பணத்தில் ஒரு ரூபாய் பிடிக்காமல் தந்தார், மறுபடி டீயும். இரண்டு வாரத்தில் வாணியம்பாடிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டாராம். பையன் மூன்றில் ஃபேனை வைத்துக்கொண்டு டிஸ்டார்ஷனில் அலறுகிறான், தங்கை போனில் திட்டுகிறாள். எனக்கு அந்த நெக்கை நினைத்தால் இன்னும் உள்ளங்கை அரிக்கிறது.